மாத்திரையும் மதுவும் ஒரே நாளில்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தில் ஆறு விஷயங்கள் எழுதப்போகிறேன். நீ நடுவில் படிப்பதை நிறுத்திவிடுவாய் என்று தெரியும். அதனால் வரிசையை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மிச்சம் என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

1. நோயின் பெயர்.
2. குடியை விடச் சொல்லப்போவதில்லை என்பது.
3. ஏன் குடிக்கிறாய் என்ற கேள்வி.
4. மாத்திரையும் மதுவும்.
5. உன் அக்கா.
6. நான் என்ன செய்ய முடியும் என்பது.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். என் வலது காது போய்விட்டது, இடது காது கிளம்பத் தயாராக நிற்கிறது. நீ மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்பதில்லை. சத்தமாகப் பேசினால் உன் அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். கடிதம் சத்தம் போடாது.

முதலாவது. உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. போன வருஷம் என்னை ரயில் ஏற்றிவிட வந்தாயே, அப்போது வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னாய். நான் பதில் சொல்ல முடியாதபடி அந்த நேரம் பார்த்துச் சொன்னாய் என்று நினைக்கிறேன். காது கேட்காதவன் போலக் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

இரண்டாவது. உங்கள் மருத்துவமனையில் ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் குடிக்கிறவர்களை மாதம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுகிறார் என்று போனில் சொன்னாய். அந்தப் பேச்சில் 'குறைக்க' என்ற சொல் மட்டும்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதையே பிடித்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் 'விட்டுவிடு' என்று சொன்னால் அதில் கனம் இருக்காது. ஆகவே குறை. அவர் கூப்பிடுகிறபோதெல்லாம் போ.

மூன்றாவது. ஏன் குடிக்கிறாய்? நான் கேட்கிறேனே தவிர, நீ பதில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை.

நான்காவது. இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மருத்துவக் கையேட்டின் தாள்கள் என் கைக்கு வந்தன. அதில் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அதை உனக்காக ஒரே வாக்கியமாகச் சுருக்கியிருக்கிறேன். மாத்திரையும் மதுவும் ஒரே நாளில் சேரக்கூடாது. விளக்கம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் உனக்கே பிடிபடும்.

ஐந்தாவது. உன் அக்கா இருந்திருந்தால் உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. தலைப்பை மட்டும் விட்டுவைக்கிறேன்.

ஆறாவது. இடுப்பு எலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, மாடிப்படி இறங்க வேண்டுமென்றால் மருமகள் கை கொடுக்க வேண்டும். உன்னிடம் வர முடியாது. எழுத முடியும். யோசித்துப் பார்த்ததில் அது ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 17

கமா அத்தானுக்கு,

கோவிக்காதீங்க, அக்கா வெச்ச பேருதானே. பேசும்போது நடுநடுவுல நிறுத்திட்டு மேல பார்ப்பீங்களே, அதுக்காக வெச்சது. லெட்டர்லயும் அப்படியேதான் இருக்கீங்க. படிக்கும்போது அக்கா பக்கத்துல உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருந்துது. அஞ்சாவதை நீங்க எழுதலைன்னாலும் எனக்குக் கேட்டுடுச்சு.

அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துல நின்னு படிச்சேன். அங்கதான் யாரும் வரமாட்டாங்க. எங்க சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துண்டு, டாக்டர் கோட்டுன்னு எல்லாம் வண்டி வண்டியா வரும். நான் இஸ்திரி மெஷின்ல நிக்கிறேன். துணியில ஒரு சுருக்கம் இருந்தா விடமாட்டேன்னு எனக்கே 'சுருக்கம்'னு பேர் வெச்சுட்டாங்க. மேல மாடியில படுக்கை. ஆறு பேருக்கு ஒரு ரூம், ஒரு ஃபேன். அந்த ஃபேனும் ஒருத்தர் பக்கம்தான் திரும்பும்.

ஏன் குடிக்கிறேன்னு கேட்டீங்க. குடிக்கலைன்னா தெரிஞ்சுடும், அதுக்காகத்தான்.

சிரிக்காதீங்க. முன்னாடி இங்க மடிப்பு மேசையில ஒருத்தன் இருந்தான். திடீர்னு ஒரு நாள் எனக்கு வேண்டாம்னுட்டான். எங்க பாய்லர்காரர் சும்மா இருப்பாரா? வயசுல பெரியவர், அவர் வெச்சதுதான் இங்க சட்டம்.

"ஏண்டா, கல்யாணமா?"

"இல்லண்ணே."

"சாமியாரா போறியா?"

"இல்லண்ணே."

"அப்ப ஏதோ மாத்திரை சாப்பிடறே. என்ன மாத்திரைடா?"

அவ்வளவுதான் அத்தான். மறுநாள்ல இருந்து அவன் டம்ளரை ஒருத்தரும் தொடலை. அவன் சோப்பைக் குச்சியால தள்ளி வெச்சாங்க. மாசம் முடியறதுக்குள்ள போயிட்டான். அவனுக்கு இருந்தது சர்க்கரை வியாதி. வெறும் சர்க்கரை. அதுக்கே அந்த மரியாதை. என்னோடது தெரிஞ்சா மெஷினுக்குள்ளயே வெச்சு அழுத்திடுவாங்க.

அதனால சாயங்காலம் வேலை முடிஞ்சதும் எல்லாரோடயும் நானும் கடைக்குப் போறேன். கையில கிளாஸ் இருக்கிறவனை யாரும் ஒண்ணும் கேட்கறதில்லை. இப்படி ஆரம்பிச்சதுதான். இப்ப அதுக்காக மட்டும் குடிக்கிறேன்னு சொன்னா பொய். நாக்கு கேட்குது, கையும் கேட்குது.

மாத்திரை பத்திரமா இருக்கு. மெஷின்ல உதிர்ற பட்டனையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், அதுக்குள்ளதான் போட்டிருக்கேன். ராத்திரிக்கு ஒண்ணு. டாக்டர் கோட்டுப் பட்டன் மாதிரியே இருக்கும். அந்த டப்பாவை எவன் தொடப்போறான்.

ஆலோசனை அம்மா கூப்பிட்டா போறேன். நாலாவது நல்லாப் புரிஞ்சுது. சூட்சுமமும் புரிஞ்சுது. படிச்சவர் படிச்சவர்தான். அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன்.

உங்க இடுப்பைப் பார்த்துக்குங்க.

சுருக்கம்


மார்ச் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மருமகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமாவுக்கு இந்தக் காலத்துல யார் லெட்டர் போடறாங்க?" என்று கேட்டாள். பழைய அச்சகத்து நண்பர் என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு நண்பராக்கிவிட்டதற்கு மன்னித்துவிடு. எச்.ஐ.வி. என்ற சொல்லை அவளிடம் ஒருநாள் சொல்லவேண்டியதுதான். சாப்பாட்டு மேசையில் இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் உப்பு கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

நீ சொன்ன காரணத்தை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. கவலை, தனிமை, உடல்வலி என்று மூன்று காரணங்களை நானாகவே எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் பதிலும் தயார் செய்திருந்தேன். எதுவும் உதவவில்லை. மறைவதற்காக ஒருவன் குடிப்பான் என்பது என் பட்டியலிலேயே இல்லை.

அதற்கு ஏற்றபடி யோசித்தேன். கடைக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால், எல்லோருக்கும் பின்னால் போ. சாப்பிட்டுவிட்டுப் போ. ஒரு கிளாஸுக்கும் இன்னொரு கிளாஸுக்கும் நடுவில் தண்ணீர் குடி. கையில் கிளாஸ் இருந்தால் போதும் என்றால், அதில் வெறும் சோடா இருக்கலாமே? யாருக்குத் தெரியும்?

சோடாவைப் பார்த்தால் நிஜமாகவே தெரியாதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தெரியாத விஷயத்தில் உனக்கு யோசனை சொல்லக்கூடாது அல்லவா. ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்லி, கிளாஸில் ஊற்றி, கண்ணாடி முன்னால் நின்று, குடிகாரன் எப்படிப் பிடிப்பான் என்று பிடித்துப் பார்த்தேன். மருமகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நான்காவது உனக்குப் புரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மற்ற ஐந்தும் போனாலும் போகட்டும், அது ஒன்று போதும் எனக்கு.

அன்புடன்,
அத்தான்


மே 2

கமா அத்தானுக்கு,

சோடா கதை எடுபடலை. முதல் நாள் ஓடிச்சு. ரெண்டாவது நாள் பாய்லர்காரர் என் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார்.

"டேய் சுருக்கம், இது என்ன, அழுதா வர்ற தண்ணியா?"

"வயிறு சரியில்லண்ணே."

"வயித்துக்கு மருந்து இதுதாண்டா"ன்னு அவர் கிளாஸ்ல இருந்தே ஊத்தினார். அவர் எச்சில் கிளாஸ் அத்தான். எல்லார் முன்னாடியும். அந்த மனுஷன் எச்சிலை நான் குடிக்கலாம், என் டம்ளரை அவர் தொடலாம், இன்னிக்கு வரைக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. ஒரே மடக்குல குடிச்சேன். அப்புறம் ஈடுகட்ட இன்னொண்ணும்.

நீங்க கண்ணாடி முன்னாடி நின்னதை நினைச்சு நினைச்சு சிரிச்சேன். மெஷின்கிட்ட நின்னு தனியா சிரிக்கிறான் சுருக்கம்னு பசங்க சொன்னாங்க.

ஆலோசனை அம்மாகிட்டப் போனேன். எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். அந்தம்மா திட்டவே இல்லை. "முதல் கிளாஸ் எதுக்குங்க?"ன்னு கேட்டாங்க. ஒரு சமையல்காரர் சொன்னார், உடம்பு வலிக்கு. "சரி, ரெண்டாவது?" பேசறதுக்கு. "மூணாவது?" அப்ப ஒரு பஸ் கண்டக்டர் எழுந்து, "அது இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டினதுக்கு அப்புறம் போறதும்மா, சும்மா போயிட்டே இருக்கும்"னார். ரூமே சிரிச்சுது. "அப்ப ரெண்டுலயே விசிலை ஊதிடுங்க"ன்னாங்க அம்மா.

நல்ல பொம்பளை. சில நாள் ரெண்டுல விசில் ஊதிட்டேன், நிஜமாத்தான். சில நாள் விசில் கையில இருக்கு, ஊத மறந்துடுது.

முடியும்போது, "மாத்திரை எல்லாரும் ஒழுங்கா போடறீங்களா?"ன்னு கேட்டாங்க. போடறோம்னு எல்லாரும் கோரஸா சொன்னோம். நானும் சொன்னேன். நீங்க சொன்ன முறைப்படிதானே போடறேன். நாலாவதை மட்டும் ஒரு நாள்கூட நான் மீறலை அத்தான். வேற எதுல நான் யோக்கியமோ இல்லையோ, அதுல யோக்கியம். மாத்திரை மிச்சமாகுது. மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. பட்டன் டப்பாவை நான் எப்படித் தூக்கிட்டுப் போறது, எதுக்குடா பட்டன்னு கேட்டா என்ன சொல்றது? மிச்சம் ஒண்ணுமில்லைன்னு சொல்லிடறேன்.

கொஞ்ச நாளா சாயங்காலமானா உடம்பு அனலா இருக்கு. நாள் முழுக்க ஆவியில நிக்கிறவனுக்கு எது காய்ச்சல், எது மெஷின் சூடுன்னு யார் சொல்றது.

சுருக்கம்


ஜூன் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான்காவதை ஒருநாளும் மீறவில்லை என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரும்பவும் படித்தேன். என் பேச்சை ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. உன் அக்காவுக்குத் தெரிந்தால் நம்பமாட்டாள்.

சோடா யோசனைக்கு வருந்துகிறேன். அதனால் உனக்கு இரண்டு கிளாஸ் கூடிப்போயிற்று. கண்ணாடி முன்னால் பார்த்ததில் மோந்து பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கிளாஸோடு விசில் ஊதச் சொல்லி அந்த அம்மா சொன்னது நான் எழுதிய எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது. அவர் சொல்வதையே கேள்.

காய்ச்சலைப் பற்றி அவரிடம் சொல். ஆவி என்று நீயாக முடிவு செய்யாதே.

மாத்திரை மிச்சமாகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். கேட்கலாமா என்று இந்த வரியை எழுதிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். நீ ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் ஒரே காரியத்தில் போய் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? அடுத்த கடிதத்தில் கேட்கிறேன். அதற்குள் நீயே ஏதாவது எழுதிவிடுவாய்.

அன்புடன்,
அத்தான்


ஆகஸ்ட் 11

அத்தானுக்கு,

ரொம்ப நாளாச்சு. எழுதற நிலையில இல்லை. எழுத்து கோணலா இருந்தா உங்க பழைய வேலை ஞாபகத்துல திருத்தாதீங்க.

ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கிருமி ஏறிப்போச்சாம். முன்னாடி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடங்கி இருந்துது, இப்ப தலை தூக்கிடுச்சாம். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மாத்திரை விட்டுப்போகுதா?"ன்னார். "இல்லை சார், எதுவும் விட்டுப்போகலை"ன்னேன். பொய் இல்லையே. விட்டுப்போறது வேற, வேணும்னே விடறது வேற. குடிச்ச நாள்லதான் விடறேன், நீங்க சொன்னபடி. ஆனா குடிச்ச நாள் எத்தனைன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அந்தம்மா வேற அங்க நிக்கிறாங்க. என்னைப் பார்த்து, ரெண்டுல விசில் ஊதற ஆள்னு நம்பிட்டு இருக்காங்க.

ஒழுங்கா சாப்பிட்டும் ஏறுதுன்னா இந்த மருந்து உங்க உடம்புல கேட்கலைன்னு அர்த்தம்னார். இன்னும் ஒருதரம் பார்த்துட்டு வேற மருந்துக்கு மாத்தணுமாம். அது கொஞ்சம் கடுமையாம். அதுவும் கேட்கலைன்னா அப்புறம் கையில அதிகம் இல்லைன்னார்.

எனக்கு ஒண்ணுதான் புரியலை அத்தான். நான் உங்க சொல்லை மீறவே இல்லையே. குடிச்ச ராத்திரி ஒரு தடவைகூட மாத்திரையைத் தொட்டது கிடையாது. மப்புல இருந்தாலும் ஞாபகமா தொடமாட்டேன். டப்பாவுல இப்ப பட்டனைவிட மாத்திரைதான் ஜாஸ்தி. உண்மையைச் சொல்லணும்னா, அதுல ஒரு கஷ்டமும் இருந்துது. இன்னிக்கு மாத்திரை இல்லைன்னு ஆயிட்டா அப்புறம் மூணாவது கிளாஸுக்கு என்ன தடை? நாலாவதுக்குத்தான் என்ன தடை? ஒரு கிளாஸ் உள்ள போனாலே அந்த நாள் கணக்குல இல்லாத நாள் மாதிரி ஆயிடும். ஆனாலும் சேர்க்கலை. நீங்க சொன்னீங்கன்னு.

என்னை இஸ்திரியில இருந்து எடுத்து அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துல போட்டுட்டாங்க. இருமல். பாய்லர்காரர் உங்க போன லெட்டரைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "யாருடா உனக்கு இவ்வளவு எழுதறது, கோர்ட்டா?"ன்னார். சிரிச்சார், ஆனா பார்த்தார். இனிமே ரூமுக்கு எழுதாதீங்க. ஏதாவது இருந்தா ஆலோசனை அம்மா பேருக்கு ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. நான் போனா கொடுப்பாங்க.

எப்பப் போவேன்னு தெரியலை. போனா மருந்தை மாத்துவாங்க. கையிலதான் டப்பா நிறைய மாத்திரை இருக்கே, அது தீரட்டும்.

சுருக்கம்


ஆகஸ்ட் 16

ஆலோசனை அம்மா அவர்களுக்கு: உள்ளே இருக்கும் உறையின் மேல் உள்ள பெயருக்குரியவர் வரும்போது இதைக் கொடுத்துவிடும்படி வேண்டுகிறேன். அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் தயவுசெய்து செய்யுங்கள். நீங்கள் இதைப் பிரித்துப் படித்தாலும் நல்லதுதான்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதில் வரிசை எண் போடவில்லை. ஒரு விஷயம்தான் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே போன் செய்தேன். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்தாய். உன் பின்னால் பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. எனக்குக் காது கேட்காததால் நான் கத்தித்தான் பேசுவேன், என் குரல் போனுக்கு வெளியிலும் வழியும் என்று உனக்குத் தெரியும். 'மாத்திரை' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த அறையில் அந்தச் சொல் விழுந்தால் உனக்கு என்ன ஆகும் என்று நீதான் எனக்கு எழுதியிருக்கிறாய். விழுங்கிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நாலாவது தப்பு, மாப்பிள்ளை! நாலாவது தப்பு!" என்று கத்தினேன்.

"என்ன அத்தான்? யாரு நாலாவது?" என்றாய்.

"நாலாவது தப்பு!"

பக்கத்தில் யாரோ, "என்னடா, லாட்டரி நம்பரா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, "சரி அத்தான், சரி அத்தான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். பிறகு நீ எடுக்கவில்லை. உனக்குப் புரிந்ததா இல்லையா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு புரிந்தவன் சிரிப்பா, அறைக்காகச் சிரித்த சிரிப்பா என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு உங்கள் மருத்துவமனைக்குப் பேசச் சொல்லிப் போனை மருமகளிடம் கொடுத்தேன். என் காதை நம்பி இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது. அதற்காக அவளிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. இந்தத் தடவை உப்பு கேட்கவில்லை. சொன்னேன். "அன்னிக்கு சோடா அதுக்குத்தானா மாமா?" என்று மட்டும் கேட்டாள். நம்பர் போட்டாள். ஆலோசனை அம்மாவே பேசினார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை, குடிக்கிற ஒருவருக்காகக் கேட்கிறேன் என்று கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதை மருமகள் ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டினாள். அதைப் படித்துவிட்டு, "எழுதினது சரிதானா, இன்னொரு தடவை கேள்" என்றேன். கேட்டாள். அதேதான்.

நான் நினைத்தது இது. மாத்திரை தினமும் போட்டே ஆகவேண்டியது. அதோடு மது சேரக்கூடாது என்று சொல்லிவிட்டால், மதுவுக்கு நாளே மிச்சம் இருக்காது, தானாக விட்டுப்போகும். இதுதான் நான் பெருமையாகச் சொன்ன சூட்சுமம். அந்த வாக்கியத்தை நீ மறுபக்கமிருந்து படித்தாய். குடிக்கிற நாளில் மாத்திரை கூடாது என்று. இரண்டு பக்கமிருந்தும் படிக்கும்படிதான் அது இருக்கிறது. ஒரு கால்புள்ளி இடம் மாறினால் பொருள் மாறும் என்று அடுத்தவர் எழுத்தில் காலமெல்லாம் குறி போட்டுக்கொண்டிருந்தவன் எழுதிய வாக்கியம் அது. நீ படித்ததில் பிழை இல்லை.

நீ சரியாகப் படித்திருந்தாலும் அது தவறுதான் என்பதையும் எழுதிவிடவேண்டும். அந்தக் கையேடு வேறு ஏதோ நோய்க்கு, வேறு ஏதோ மருந்துக்கு எழுதியது. எந்த மருந்து என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. உன் மாத்திரைக்கு அந்தச் சட்டம் கிடையாதாம். குடி கெடுதல்தான், ஈரலுக்கும் கெடுதல், குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குடித்ததற்காக மாத்திரையை விடுவது அந்தக் குடியைவிடப் பெரிய கெடுதலாம். இங்கே நிறையப் பேர் இதையேதான் செய்கிறார்கள், யாரோ சொன்னார்கள் என்று சொல்லிச் செய்கிறார்கள் என்று அந்த அம்மா வருத்தப்பட்டாராம். அந்த யாரோ நான்.

மாத்திரை மிச்சமாகிறது என்று நீ மே மாதமே எழுதியிருக்கிறாய். அச்சுத்தாளில் ஒரு சொல் உறுத்தினால் விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பேன். உன் கடிதத்தில் விரலை எடுத்துவிட்டேன். நீ என் பேச்சைக் கேட்கிறாய் என்ற சந்தோஷத்தில் எடுத்துவிட்டேன்.

இப்போது உன் டப்பாவில் மாத்திரை நிறைய இருக்கிறது. அது தீரும்வரை நீ மருத்துவமனைக்குப் போகமாட்டாய். போனால்தான் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். அந்த மாத்திரைகள் மீந்ததே என்னால். இதை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது என்று யோசித்துப் பார்க்கிறேன். நுனி கிடைக்கவில்லை. என்னை வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டுபோக முடியுமா என்று என் மகனிடம் கேட்பதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். அவன் வெளியூரிலிருந்து திரும்பவேண்டும். படிக்கட்டைப் பற்றியும் யோசிக்கவேண்டும். இரண்டு வாக்கியங்களை எழுதுவதைத் தவிர இப்போதைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதில் ஒன்றை எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. குடிக்காதவன் கை அல்லவா. ஆனாலும் எழுதுகிறேன்.

என் முதல் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்து, நான்காவதற்கு எதிரே இருக்கும் வரியைப் பட்டையாக அடித்துவிடு. கீழே இருக்கும் எழுத்தே தெரியக்கூடாது. அந்த இடத்தில் இதை எழுதிக்கொள்:

குடிக்காத நாளிலும் மாத்திரை போடு. குடித்த நாளிலும் மாத்திரை போடு.

மூன்றாவது கிளாஸுக்குப் பிறகும் போடு. விசில் ஊத மறந்த நாளிலும் போடு. பாய்லர்காரரின் எச்சிலைக் குடித்துவிட்டு வந்த நாளிலும், டப்பாவைத் திறந்து பட்டன்களுக்கு நடுவில் தேடி எடுத்துப் போடு. போட்டுவிட்டேன், குடித்துவிட்டும் போட்டேன் என்று அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல். அவர் திட்டமாட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

மற்ற ஐந்தும் சரியா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. நான்காவது தவறு, மாப்பிள்ளை. போனில் அதைத்தான் சொன்னேன்.

அத்தான்